ஒரு வெற்றி, இருபத்திரண்டு தோல்வி

பத்மநாபன் கதவைச் சாத்தியிருந்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அவரோ அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே போகச் சொல்லி விரலை நீட்டியபடி நின்றார்.

"அஞ்சு நிமிஷம் கேட்டீங்க, குடுத்தாச்சு. கிளம்புங்க ரெண்டு பேரும்."

ஷ்யாமளா எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்காததால் உதவியாளன் ஜம்புநாதனும் எழுந்திருக்கவில்லை. ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காலை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். வாசலில் நின்ற இரண்டு தடியன்களும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1996 மே 24, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. ஹூஸ்டனில் ஃப்ரீவேயை ஒட்டிய ஒரு மோட்டல். அதில் லாண்டரிக்குப் பக்கத்து அறைதான் 'அகில உலகக் கண்டாந்தரக் குத்துச்சண்டைக் கவுன்சில்' என்ற மகா ஸ்தாபனத்தின் தலைமையகம். தலைவர், செயலாளர், யார் எத்தனாவது இடம் என்று முடிவு பண்ணுகிற குழு, மோட்டல் முதலாளி, எல்லாமே பத்மநாபன்தான். ஜன்னலைத் தவிர எல்லாச் சுவரிலும் பெல்ட் தொங்கியது. உலகச் சாம்பியன், கண்டாந்தரச் சாம்பியன், வெள்ளிச் சாம்பியன், இளைஞர் சாம்பியன், இடைக்காலச் சாம்பியன். தீபாவளிக்குப் புடவைக் கடையில் தொங்கவிட்ட மாதிரி.

"இடைக்காலச் சாம்பியன்னா என்ன சார்?" என்றான் ஜம்பு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனுக்குத் தெரியாது.

"சாம்பியனுக்கு அடிபட்டா, அவர் திரும்பி வர்ற வரைக்கும்."

"இவ்வளவு பேர் சாம்பியன்னா தோக்கறதுக்கு ஆள் எங்க சார் பிடிப்பீங்க?"

பத்மநாபன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஷ்யாமளா அதை ஓரக்கண்ணால் குறித்துக்கொண்டு, அப்போதுதான் எழுந்தாள்.

"நாளைக்கு அனுஷன் ரிங்ல ஏறக் கூடாது," என்றாள். "அவன் இந்த மாச ஆரம்பத்துல நியூஜெர்ஸில நாக்அவுட் ஆயிருக்கான். அறுபது நாள் ரெஸ்ட் கட்டாயம். உங்களுக்கு ரூல் தெரியும்."

"எனக்கு ரூல் தெரியும். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா? நியூஜெர்ஸில சஸ்பெண்ட் ஆன பாக்ஸர் லிஸ்ட் எங்கிட்டயும் இருக்கு. அதுல அனுஷன் நகுலேஸ்வரன்ங்கற பேரே கிடையாது. எங்க பையன் ஒன்பது ஃபைட், ஒன்பது வெற்றி. அவனோட அக்காக்காரிக்கு பாக்ஸிங்னாலே பிடிக்காது, அழுதுக்கிட்டு வந்திருப்பா. அதைக் கேட்டுட்டு நீங்க கிளம்பிட்டீங்க. நாலு மணிக்கு எடை பார்ப்போம். அதுக்குள்ள பேப்பர் இருந்தா கொண்டாங்க. இல்லேன்னா திங்கட்கிழமை என் வக்கீல் பேசுவார்."

"திங்கட்கிழமை லீவு சார், மெமோரியல் டே," என்றான் ஜம்பு.

தடியன்களில் ஒருவன் அவன் தோளைத் தொட்டான். மீதி வழியை ஜம்புவின் கால்கள் தரையில் படாமலே கடந்தன.

*

ஷ்யாமளாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வயது நாற்பத்து நாலு. நியூஜெர்ஸி பார்சிப்பனியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் போடுகிறவர்களைப் பத்து வருஷம் பிடித்துக் கொடுத்தவள். முதுகுவலி என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜ் தூக்கியவர்கள் இன்றைக்கும் அவளைச் சபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹூஸ்டனுக்கு வந்து லைசென்ஸ் வாங்கி, ஹில்க்ராஃப்ட் தெருவில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறாள். ஜம்பு மன்னார்குடிக்காரன். கார் ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறான். வாயாடுவது இலவசம்.

காலை எட்டு மணிக்கு அந்த மாடிப்படியில் ஏறி வந்தவள் ரூபிகா. யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். தம்பி அனுஷனுக்கு இருபத்தாறு வயது. இந்த மாத ஆரம்பத்தில் நியூஜெர்ஸியில் மாமாவின் பெட்ரோல் பங்கில் உதவி என்று சொல்லிவிட்டுப் போனவன், வேறு ஆளாகத் திரும்பி வந்திருக்கிறான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்கிறான். ஸ்கேன் எடுக்க வா என்றால் கத்துகிறான். நாளைக்கு அவனுக்கு உலகப் பட்டத்துக்கான சண்டை.

அவள் அழவில்லை. நோயாளியின் சார்ட்டை வாசிக்கிற குரலில்தான் சொன்னாள்.

"தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில ஊத்திப்போட்டு, கோப்பை நிறைஞ்சிட்டுது எண்டு சொல்லுறான் அக்கா. விடிய எழும்பினா சத்தி எடுக்கிறான், சாப்பிட்டதெல்லாம் வெளியில வருது. நான் தலைக்காயம் பாக்கிற வார்டில வேலை செய்யிறன். இன்னொரு அடி விழுந்தா அவன் எழும்பமாட்டான்."

ஷ்யாமளா பார்சிப்பனியில் இருக்கும் பழைய சிநேகிதியைப் போனில் பிடித்து, அந்த மாநிலத்தின் சஸ்பென்ஷன் பட்டியலை ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னாள். ஆறு பக்கம் வந்தது. 'என்' எழுத்தில் ஏகப்பட்ட பேர். நகுலேஸ்வரன் மட்டும் இல்லை. அதனால்தான் நேரே பத்மநாபனிடம் போய் மிரட்டிப் பார்த்தாள். மிரட்டல் பலிக்கவில்லை என்பதைத்தான் பார்த்தோமே.

*

ஜம்புவின் காரில் ஏ.சி. செத்து ஒரு மாதம் ஆகிறது. மே மாத ஹூஸ்டன் வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட்டால் தோசை வார்க்கலாம்.

"மேடம், இந்தக் கவுன்சில் நம்ம தமிழ்ச் சங்கம் மாதிரியே இருக்கு," என்றான். "ஊருக்கு ரெண்டு சங்கம், ஒவ்வொண்ணுக்கும் மூணு தலைவர். பொங்கல் சாப்பிட வர்றவங்கதான் மெம்பர்."

ஷ்யாமளா ஃபேக்ஸ் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அவள் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியே பழகிப்போன ஜம்பு அடுத்த புகாரை எடுத்தான். காலையில் பாங்க்கில் இருந்து போன். மிஸ்டர் கோபாலசாமி இருக்கிறாரா என்று கேட்டார்களாம். கோபாலசாமி அவனுடைய அப்பா. மன்னார்குடியில் ஈஸிசேரில் படுத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். அமெரிக்காவுக்கு விசா கேட்டுக்கூடப் போனதில்லை. ஆனால் ஹூஸ்டனில் அவருக்கு ஒரு டிரைவிங் லைசென்ஸ், இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு ஸ்பீடிங் டிக்கெட்.

"லாஸ்ட் நேம் என்னன்னு கேட்டான், எங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாதுன்னேன். காலியா விடக் கூடாதுன்னான். அப்பா பேரைப் போட்டேன். அன்னிலேர்ந்து தப்பு பண்றதெல்லாம் அப்பா, திட்டு வாங்கறது மட்டும் நான்."

"வண்டிய ஓரம் கட்டு," என்றாள் ஷ்யாமளா.

"ஏன் மேடம், பேசினது தப்பா?"

"ஜம்பு, உங்க ஊர்ல நீ கோ.ஜம்புநாதன். அப்பா பேர் முன்னாடி. இங்க பின்னாடி. யாழ்ப்பாணத்துக்காரங்க அப்பா பேரைச் சுருக்கமாட்டாங்க, முழுசா முன்னாடி எழுதுவாங்க. ரூபிகா தம்பி அவங்க ஊர் வழக்கப்படி யாரு?"

ஜம்பு யோசித்தான். "நகுலேஸ்வரன் அனுஷன்."

"ஒரு வெள்ளைக்காரன் அதைப் பாத்தா லாஸ்ட் நேம் எதும்பான்?"

அவள் ஏற்கெனவே முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள். நான் இங்கேதான் இருக்கிறேன், நீங்கள்தான் தேடவில்லை என்பது போல 'ஏ' எழுத்தில் நாலாவது வரியில் இருந்தது. அனுஷன், கமா, நகுலேஸ்வரன். வெல்ட்டர்வெயிட் எடைப்பிரிவு. மே எட்டாம் தேதி இரண்டாவது ரவுண்டில் நாக்அவுட். ஜூலை ஏழு வரை எந்த மாநிலத்திலும் சண்டை போடக் கூடாது. மொத்தக் கணக்கு: ஒரு வெற்றி, இருபத்திரண்டு தோல்வி.

ஜம்பு விசிலடித்தான். "இங்க ஒன்பதுக்கு ஒன்பது. அங்க ஒண்ணுக்கு இருபத்திரண்டு. அமெரிக்கனுக்கு எந்தப் பேர் முன்னாடி வந்தாலும் தும்மின மாதிரிதான் கேக்கும், வித்தியாசம் தெரியாது."

"அதான் உன் கேள்விக்கு பத்மநாபன் முகம் மாறிச்சு. தோக்கறதுக்கு ஆள் எங்க பிடிப்பீங்கன்னு கேட்டியே. இங்க ஜெயிக்கற ஆளையே அங்க தோக்க அனுப்பறான். நாளைக்கு அனுஷனோட மோதற லோக்கல் பையனுக்கு உலகச் சாம்பியன் பட்டம் தரணும். தோக்காத ஒருத்தனை அடிச்சாத்தான் பட்டத்துக்கு மதிப்பு. ரெண்டும் ஒரே ஆள்னு பாத்த உடனே கண்டுபிடிக்கக்கூடியவன் இந்த பிசினஸ்ல ஒரு தமிழன்தான். அந்த ஒரே தமிழன் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நம்மளைத் துரத்தறான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதர் ஒரு முழு ஆளை அவனுடைய அப்பா பெயரிலேயே மறைத்துவிட்டார்.

*

கண்டுபிடிப்பது வேறு, நிரூபிப்பது வேறு. டெக்சஸில் குத்துச்சண்டையைக் கண்காணிக்கிற மாநில அதிகாரி கிரேடி என்பவரைப் போனில் பிடித்தார்கள். பொறுமையாகத்தான் கேட்டார். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு போட்டோ வேண்டும் என்றார். நியூஜெர்ஸியில் இருந்து லைசென்ஸ் போட்டோ ஃபேக்ஸில் வந்தது. கரிச்சட்டியின் அடிப்பாகத்தைப் படம் பிடித்த மாதிரி இருந்தது. ஒரிஜினல் கூரியரில் செவ்வாய்க்கிழமை வரும். சண்டை நாளைக்கு. அக்கா வந்து சொன்னால் போதாதா என்று கேட்டதற்கு, சொந்தக்காரர்கள் சண்டையை நிறுத்தச் சொல்வது வாரா வாரம் நடப்பது, அதற்காக ஒருவனின் பிழைப்பைக் கெடுக்க முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் ஜம்புவுக்கு எரிச்சலாக வந்தது.

மிச்சம் இருந்தது அனுஷன்தான். ரூபிகாவின் அபார்ட்மென்ட்டுக்குப் போனார்கள். சோபாவில் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெலிந்து இறுகிய உடம்பு, இடது புருவத்தில் பழைய தையல்கள். ஷ்யாமளா ஃபேக்ஸை நீட்டினாள். அவன் வாங்கக்கூட இல்லை.

"அது வேற ஆள். நான் ஒன்பதுக்கு ஒன்பது. நீங்கள் ஆர் எனக்குச் சொல்ல? வெளியில போங்கோ."

ரூபிகா அந்தத் தாளை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு அப்படியே சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நியூஜெர்ஸியில் இறங்கிய புதிதில் தம்பி தானே பாக்ஸிங் லைசென்ஸ் ஃபாரம் நிரப்பியிருக்கிறான், ஊரில் எழுதுகிறபடி. ஹூஸ்டனுக்கு வந்த பிறகு டெக்சஸ் ஃபாரத்தை நிரப்பியவள் அவள். அமெரிக்க முறைப்படி, ஒரு எழுத்துப் பிசகாமல்.

"நான் சரியா எழுதினதுதான் பிழையாப் போச்சு," என்றாள்.

அனுஷன் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டான். கதவருகே ஒரு கணம் நின்று, நாளைக்கு ஹாலுக்கு வந்தால் தனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஜம்புவுக்கு அவனை இரண்டு அறை விட வேண்டும் போல் இருந்தது. அறைந்தால் செத்துப்போவான் என்பது உடனே ஞாபகம் வந்தது.

காரில் ஏறியதும் ஷ்யாமளா தோல்விப் பட்டியலை மறுபடி எடுத்தாள். பார்சிப்பனி சிநேகிதி இரண்டாவது தடவை அனுப்பியதில் இருபத்து மூன்று சண்டையின் விவரமும் இருந்தது. விரலை வைத்து வரி வரியாகக் கீழே வந்தாள். தோல்வி, தோல்வி, தோல்வி. ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஜம்பு, இப்ப நான் ஒரு அசிங்கமான காரியம் பண்ணப் போறேன். ஹால்ல எனக்குப் பக்கத்துல நின்னு சிரி. நான் என்ன சொன்னாலும் சிரி."

"மேடம், அதை நான் கத்துக்கிட்டே பொறந்திருக்கேன்."

"இது சிரிப்பு வராத விஷயம். அதான் முன்னாடியே சொல்றேன்."

*

மாலை நாலு மணி. மோட்டலின் கல்யாண ஹால். மேடையில் தராசு, பக்கத்தில் மேஜை, மேஜைக்குப் பின்னால் நரைத்த மீசையோடு கிரேடி. கூட்டம் நூறு பேர் இருக்கும். ஷ்யாமளாவும் ஜம்புவும் உள்ளே நுழைந்ததும் பத்மநாபன் மைக்கிலேயே அறிவித்துவிட்டார், பொறாமை பிடித்த சிலர் வந்திருக்கிறார்கள் என்று. கூட்டம் ஊளையிட்டது. யாரோ எறிந்த குளிர்பானக் கோப்பை ஜம்புவின் சட்டையில் வந்து கொட்டியது. சுவரோரமாக ரூபிகா நின்றிருந்தாள். வரக் கூடாது என்று தம்பி சொன்னதற்கு வந்தே ஆவது என்று வந்திருந்தாள்.

அனுஷன் தராசில் ஏறினான். நூற்று நாற்பத்தாறு பவுண்ட். இறங்கினான். கிரேடி பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஷ்யாமளா. இங்கிலீஷில்தான் பேசினாள், ஹாலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நமக்காகத் தமிழில் தருகிறேன். "மிஸ்டர் கிரேடி, நான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். தப்பான ஆளைச் சொல்லிவிட்டேன். நியூஜெர்ஸியில் இருக்கிற அந்த நகுலேஸ்வரன் இவராக இருக்க முடியாது."

பத்மநாபனின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. பெரிய மனது பண்ணிக் கையைக்கூட நீட்டினார்.

"அவன் ஒரு சோப்ளாங்கி," என்று தொடர்ந்தாள் ஷ்யாமளா. "இருபத்திரண்டு தடவை தோற்றவன். ஒரே ஒரு தடவை ஜெயித்திருக்கிறான். அதுவும் காசு கொடுத்து வாங்கியதாம். எதிராளி தானாகவே கீழே படுத்துக்கொண்டானாம். ஊரே சிரிக்கிறது."

ஜம்பு சிரித்தான். அவன் சிரித்ததிலேயே மட்டமான சிரிப்பு அது. கூட்டத்திலும் நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

அனுஷன் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். பாதியில் கை நின்றது.

"ஆர் சொன்னது காசெண்டு?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. உங்களுக்கு என்ன? அது வேற ஆளாச்சே," என்றாள் ஷ்யாமளா.

பத்மநாபனுக்கு அப்போதுதான் வெளிச்சமாயிற்று. "டேய் அனுஷா, வாய மூடு," என்று தமிழில் கத்திக்கொண்டு மேடைக்கு ஓடினார். தமிழ் தெரியாத கிரேடிக்கும் அந்த ஓட்டம் புரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அனுஷன் வாயை மூடவில்லை. இங்கிலீஷில் ஆரம்பித்தான், நடுவில் தமிழ் வந்தது, மறுபடி இங்கிலீஷ் வந்தது.

"இங்க நடந்த ஒன்பதும்தான் காசு. இந்தாள் பிடிச்சுக்கொண்டு வந்ததெல்லாம் நிக்கவே ஏலாத சனம். அந்த ஒண்டு காசில்லை. தொண்ணூற்று மூண்டு, ஃபெப்ரவரி, வெளியில வெள்ளை வெளேரெண்டு சினோ கொட்டிக்கொண்டிருந்தது. நாலாவது ரவுண்ட். இடது கையால விலாவில குடுத்தன். ஏழு எண்ணேக்க எழும்பினவன். திரும்பவும் அதே இடத்தில குடுத்தன். பிறகு அவன் எழும்பேல்லை. அவன்ர கோச் வந்து என்ர கையைப் பிடிச்சவர். மைக்கில அப்பான்ர பேரையும் என்ர பேரையும் சரியாச் சொன்னவங்கள், அந்த ஒரு நாள்தான் சரியாச் சொன்னவங்கள். அதை ஆரும் பொய்யெண்டு சொல்ல விடமாட்டன்."

கிரேடி மெதுவாக எழுந்து, நியூஜெர்ஸியில் சண்டை போட்டது நீங்கள்தானா என்று கேட்டார். அனுஷன் நிமிர்ந்து நின்று, ஓம், நான்தான் என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

கிரேடி ஃபைலை மூடினார். சண்டை ரத்து, லைசென்ஸ் நிறுத்தம், பத்மநாபன் செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். பத்மநாபன் அதற்குள் தனக்கு எதுவுமே தெரியாது, இந்தப் பயல் தன்னையும் ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பித்துவிட்டார். அந்த வேகத்திலும் இன்னொரு கையால் மைக்கைப் பிடித்து, எதிராளி இல்லாததால் லோக்கல் பையனே இடைக்கால உலகச் சாம்பியன் என்று அறிவித்தார். நாலைந்து பேர் கைகூடத் தட்டினார்கள். மானம் மரியாதை பார்க்கிற ஆளாக இருந்தால் அவர் கவுன்சில் ஏன் நடத்தப் போகிறார்?

*

காரிடாரில் அனுஷன் ஷ்யாமளாவை மறித்துக்கொண்டான். ஜம்பு நடுவில் புகுந்தான், எதற்கும் பிரயோஜனப்படாத தைரியத்தோடு.

"அது காசில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டான் அனுஷன்.

"தெரியும்," என்றாள் ஷ்யாமளா. "கேட்டு விசாரிச்சேன். நல்ல ஃபைட்டுன்னு சொன்னாங்க."

"தெரிஞ்சுகொண்டே சொன்னீங்கள்."

"ஆமா."

அவன் தரையில் துப்பினான். அவள் விலகவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் அவன் வாயைத் திறந்திருக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். நாளைக்கு அவன் உயிரோடு இருந்து தன்னைத் திட்டினால் அதுவே போதும் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் காரிடாரின் டியூப்லைட்டில் அவள் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

ரூபிகா பின்னால் ஓடி வந்தாள். தம்பியின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்கலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினாள். அவன் அவளைப் பார்த்தான். ஒரு நொடி முன்னால் வரை முகத்தில் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாதி போட்ட சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு சின்னப் பிள்ளை கேட்கிற குரலில் கேட்டான்.

"அக்கா, தராசில நிறை பாக்கிறது எத்தினை மணிக்கு? நாலு மணி எண்டுதானே சொன்னவை. பிந்திப் போனமோ?"

ரூபிகா ஷ்யாமளாவைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

"இன்னும் நேரம் இருக்கு ராசா. வா, போகேக்க சொல்லுறன்."

ஜம்பு அதற்குள் ஓடிப்போய்க் காரை வாசலுக்குக் கொண்டு வந்திருந்தான். ஆஸ்பத்திரி பதினோரு நிமிஷம். சிவப்பு விளக்குகளில் அவன் நிறுத்தவில்லை, வாயையும் திறக்கவில்லை.